பாக்கெட்டின் பின்பக்கம்

ரத்தம் போன வாரம் பரிசோதனைக்குப் போனது. முடிவு இன்று காலை வந்தது, வீடே பல் துலக்கிக்கொண்டிருந்த நேரத்தில்.

விட்ட இடம் நினைவிருக்கும். கீழே நட்ஸ் வறுத்துப் பாக்கெட் போடும் கூடம், மேலே வீடு. மேலே இருக்கும் மாமனாருக்குச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது என்று தெரிந்து இரண்டு மாதம் ஆகிறது. பொட்டாசியம் ஏறவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. இந்த முறையும் இறங்காவிட்டால், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் போய்ப் படுக்க வேண்டியதுதான், ஆயுள் முழுக்க. மாமனார், மாமியார், மகன், மருமகள் என்று நான்கு பேரும் அந்த ஒரு எண்ணுக்காகத்தான் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"ஏறியிருக்கு," என்றான் கணவன். வாயில் நுரை. துப்பிவிட்டுச் செல்போனை மறுபடி பார்த்தான். "போன தடவைய விட ஏறியிருக்கு."

மருமகள் எட்டிப் பார்த்தாள். பொட்டாசியத்துக்கு நேராகச் சிவப்பு எழுத்து. கீழே டாக்டரின் குரல் செய்தி: வீட்டில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடியுங்கள், வெள்ளிக்கிழமை இன்னொரு பரிசோதனை, அதற்கு மேல் காத்திருக்க முடியாது.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. பயமாக இருந்தால் நாலு பேர் ஆறுதல் சொல்வார்கள். கோபத்துக்கு யார் சொல்வார்கள்?

இரண்டு மாதமாக அவள் இந்த வீட்டில் போலீஸ் வேலை பார்க்கிறாள். வாழைப்பழத்தை விரட்டினாள். தக்காளியை விரட்டினாள். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் மாமனாருக்குக் கொடுக்க வேண்டும் என்று மாமியாரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கீழே மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்க, மாடிப்படி ஏறி ஒரு முந்திரி வந்துவிட முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாக்கெட்டில் என்ன அச்சாக வேண்டும் என்று எழுதுகிறவள் அவள்தான். பாதாமில் மெக்னீசியம், முந்திரியில் செம்பும் துத்தநாகமும், வால்நட்டில் மாங்கனீசு, பிஸ்தாவில் பொட்டாசியம். கீழே எந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறாளோ, அதே பெயரை மாடிக்கு வந்ததும் சட்டி சட்டியாகத் தேடித் துரத்த வேண்டும். சிறுநீரகம் ஒழுங்காக இருப்பவனுக்கு அது சத்து. தேவைக்கு மேலே இருப்பதை உடம்பு வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாதவனுக்கு அதுவே உள்ளே சேர்ந்து இதயத்தில் கை வைக்கும். இரண்டாவது பாதியை எந்தப் பாக்கெட்டிலும் யாரும் அச்சடிப்பதில்லை.

மாமனார் அவளை "லேபிள்" என்றுதான் கூப்பிடுவார். அவரைக் கூடத்தில் எல்லோரும் "மாஸ்டர்" என்பார்கள். வறுக்கும் டிரம் சுற்றும்போது கரண்டியை விட்டு ஒன்றை எடுப்பார், கடிப்பார், மெல்வார், "எடு" என்பார். எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கசக்கும். அவர் நாக்கைத் தவிர அந்தக் கூடத்துக்கு வேறு மீட்டர் கிடையாது. அதனால் டாக்டரிடம் கெஞ்சி ஒரு சலுகை வாங்கியிருந்தார்கள்: மெல்லலாம், விழுங்கக் கூடாது. துப்புவதற்கு ஒரு ஸ்டீல் மக். வறுக்கும் அறைத் தரையில் துப்பியவன் மறுநாள் வேலைக்கு வர முடியாது என்பது அவரே போட்ட சட்டம். மென்றதை மக்கில் துப்பி, மக்கை இரும்பு மேஜையில் வைப்பார். டங்கென்று மாடிவரை கேட்கும். அது கேட்ட பிறகுதான் மருமகளுக்கு மூச்சு வரும்.

சாப்பாட்டு மேஜையில் கணவன் ஆரம்பித்தான்.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. விழுங்கறீங்களா?"

"எதை?"

"எதைன்னா? கீழ என்ன இருக்கோ அதை."

மாஸ்டர் ரொட்டித் துண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மென்னுட்டுத் துப்பறேன்டா. மக்கைப் போய்ப் பாரு. இல்ல, அள்ளிக் காட்டணுமா?"

"அப்புறம் எப்படி ஏறும்? காத்துல வருதா?"

"எனக்கென்னடா தெரியும்? ரத்தத்துக்குள்ள நானா போய் உட்கார்ந்திருக்கேன்?"

மருமகள் அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "மாமா, நேத்து உங்க சட்டையத் துவைக்கப் போடறப்ப பையில பிஸ்தா ஓடு இருந்துச்சு."

மாஸ்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இந்த வீட்ல ஓடு இல்லாத இடம் எதும்மா? உன் தலையணைய உதறிப் பாரு, ரெண்டு விழும். அப்ப நீயும் திருடியா?"

"திருட்டுன்னு யாரு சொன்னா..."

"சொல்லு லேபிள், சொல்லு. பெரிய எழுத்துல போட்டு நெத்தியில ஒட்டிடு."

"காலங்காத்தால ஏன்டா அவரை இப்படி வாட்டுறீங்க?" என்றாள் மாமியார், அடுப்பிலிருந்து திரும்பாமலே. "அவரு என்ன சின்னக் குழந்தையா?"

"குழந்தைன்னா ரெண்டு வெச்சு நிறுத்தலாமேம்மா." கணவன் கையை நீட்டினான். "ரோஸ்டிங் ரூம் சாவியக் குடுங்கப்பா. இனிமே நீங்க உள்ள வர வேண்டாம். நான் டைமர் வெச்சு வறுத்துக்கறேன்."

மாஸ்டர் இடுப்பிலிருந்து சாவியை உருவி மேஜையில் போட்டார்.

"நாக்கையும் அறுத்துக் குடுத்துடட்டுமா? அதுவும் கம்பெனி சொத்துதானே."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

கணவன் கீழே போய் முதல் காரியமாக அந்த ஸ்டீல் மக்கைக் கழுவி, அறைக்கு வெளியே குழாயடியில் கவிழ்த்து வைத்தான். இனி அதற்கு வேலை இல்லை.

அன்றைக்கென்று பார்த்து ஜிம்காரர்கள் வருவதாக இருந்தார்கள். ஊர் முழுக்க உடற்பயிற்சிக்கூடம் வைத்திருப்பவர்கள். பிடித்துப்போனால் வருஷம் முழுக்க ஆர்டர். முந்திரி, பிஸ்தா, அப்புறம் புதிதாக வந்த 'ஊறவைத்துச் சாப்பிடும் பாதாம்'. பாதாம் பாக்கெட் அச்சாகி வந்து ஒரு மாதமாகிறது. மாதிரிக்கு முந்திரியும் பிஸ்தாவும் புதிதாக வறுக்க வேண்டும், முந்திரி முதலில்.

கணவன் டைமரைத் திருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மருமகள் பாக்கெட்டுகளை மேஜையில் பரப்பிக்கொண்டிருந்தாள். டிரம் சுற்றியது. வாசனை நன்றாகத்தான் வந்தது. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

மாடிப்படியின் உச்சியிலிருந்து குரல் வந்தது.

"டேய், எடுடா!"

"டைமர் இன்னும் அடிக்கலப்பா. நீங்க உள்ள போங்க."

"டைமருக்கு மூக்கு இருக்காடா? எடுன்னா எடு!"

"அப்பா, போங்கன்னேன்ல!"

பிறகு, யாருக்கோ சாவுச் செய்தி சொல்வதுபோல, மெதுவாக: "முந்திரி போச்சு." செருப்புச் சத்தம் திரும்பிப் போனது.

டைமர் அடித்தது. தட்டில் கொட்டியபோது முந்திரி பார்க்க அவ்வளவு மோசமாக இல்லை. ஆனால் உள்ளேயிருந்த சூடு இறங்க மறுத்து, தட்டில் கிடந்தபடியே கறுத்துக்கொண்டு போயிற்று. மருமகள் ஒன்றைக் கடித்தாள். நாக்கின் அடிவரை கசந்தது.

"எப்படி இருக்கு?" என்றான் கணவன்.

"நீங்களே தின்னு பாருங்க."

அவன் தின்றான். கையுறையைக் கழற்றிச் சுவரில் அடித்தான். "எல்லாரும் சேர்ந்து என் உயிர வாங்குங்க. நாலு மணிக்கு ஆளு வர்றாங்க. எதைக் காட்டுறது? என் மூஞ்சியையா?"

"அதுவும் கொஞ்சம் கருகித்தான் இருக்கு," என்றாள் அவள். சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் படியேறினாள்.

சமையலறையில் மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். உருளைக்கிழங்கும் கேரட்டும் வெந்திருந்தன. துணியால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கி, வடிகட்டியில் சாய்த்தாள். மருமகளுக்கு ஒரு நிமிடம் மனது குளிர்ந்தது. இந்த வீட்டில் ஒருத்தியாவது சொன்னபடி செய்கிறாளே.

அப்புறம்தான் பார்த்தாள். வடிகட்டிக்கு அடியில் பாத்திரம் கழுவும் தொட்டி இல்லை. ஒரு ஜாடி இருந்தது.

"அத்தை, அது என்ன?"

"எது?"

"அந்தத் தண்ணி."

"காய் வெந்த தண்ணி. சூப்புக்கு."

"யாருக்கு சூப்பு?"

"யாருக்கா? நல்லாக் கேட்டே போ. உங்க மாமாவுக்குத்தான். தினமும் ரெண்டு டம்ளர் குடிக்கிறாரே, நீ பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறாள். மிளகு வாசனையோடு தெளிவாக, ஒன்றுமில்லாத தண்ணீர் போல இருக்கும். இதில் என்ன இருக்கப்போகிறது, பாவம், சூடாக எதையாவது குடிக்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.

"அத்தை..." ஜாடியைக் காட்டினாள். "அதக் கொட்டச் சொன்னேனே. எத்தனை தடவை சொன்னேன்!"

"சொன்னே. நீ எதைத்தான் கொட்டச் சொல்லல? மிச்சமானதைக் கொட்டு, நேத்து வெச்சதைக் கொட்டுன்னு உனக்கு எப்பவும் கொட்டணும். காய் லேசா செரிக்கட்டும்னு வடிக்கச் சொல்றாங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. தண்ணி என்ன பாவம் பண்ணுச்சு? சத்தெல்லாம் அதுலதானே இறங்குது."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"நீதான்."

மாமியார் ஃபிரிட்ஜுக்குப் போனாள். கதவில் காந்தத்தின் கீழ் ஒரு பாக்கெட் தொங்கியது, பின்பக்கம் தெரிகிற மாதிரி. மருமகள் தினமும் அதைத் தாண்டித்தான் பால் எடுக்கிறாள். தன் கம்பெனிப் பாக்கெட்டை யார் நின்று படிப்பார்கள்?

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டாமல், பெருமையாகவே வாசித்தாள்: "ஊறவைத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். தாது உப்புகள் அந்த நீரிலும் கரைந்துள்ளன. வீணாக்காமல் அருந்துங்கள்."

அந்த வரி எழுதிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பாக்கெட்டின் பின்பக்கம் அடியில் ஒரு விரல் அகலம் காலியாக இருந்தது. "அங்க ஏதாவது போடு, மொட்டையா இருக்கு," என்றான் கணவன். டீ ஆறுவதற்குள் எழுதினாள். பொய் இல்லை. பாதாமை ஊறவைத்தால் கொஞ்சம் தண்ணீரில் இறங்கத்தான் செய்யும். 'கொஞ்சம்' என்ற வார்த்தைக்கு மட்டும் இடம் போதவில்லை.

"அது பாதாமுக்கு அத்தை. நல்லா இருக்கறவங்களுக்கு."

"பாதாமுக்கு ஒரு தண்ணி, காய்க்கு ஒரு தண்ணியா? நீ படிச்ச பொண்ணு, அச்சுலயே போட்டிருக்கே. நான் நம்பாம யாரு நம்புவா? காயில ருசி செத்துப்போச்சு. சக்கைய நான் தின்னேன். சாரை அவருக்குக் குடுத்தேன். நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போறாரேன்னு."

கத்தலாம் என்று வாயைத் திறந்தவளுக்குக் கத்துவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

"அத்தை, மாமா உடம்புக்கு எது ஆகாதோ அது தண்ணியில இறங்கும். அதுக்காகத்தான் ஊறவைக்கறதே. இறங்கினது பூரா இந்த ஜாடியில இருக்கு."

மாமியார் ஜாடியைப் பார்த்தாள். மூடியை எடுத்து மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"ஒரு மாசமா?" என்றாள்.

மருமகள் ஜாடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

அதற்குள் ஆண்கள் சாப்பிட வந்துவிட்டார்கள். கணவன் சாவியை மேஜையில் வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்து உட்கார்ந்தான். மாஸ்டர் எதிர்ப்பக்கம். இருவருக்கும் நடுவில் கருகிய முந்திரியின் வாசனை மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

"சூப்பு எங்க?" என்றார் மாஸ்டர். "அது ஒண்ணுதான் இந்த வீட்ல வாய்க்கு விளங்குது."

மருமகள் ஜாடியை எடுத்தாள். தொட்டியில் கவிழ்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது. திரும்பியபோது மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் சாவியப் புடுங்கினான். நீ சூப்பைக் கொட்டுற. அடுத்தது என்ன, தட்டா?"

"மாமா, அது இல்ல, அந்தத் தண்ணி..."

மாமியாரின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஈரக் கை. கண்ணில் ஒரே கெஞ்சல்: இப்போது வேண்டாம், அவர் எதிரில் வேண்டாம். மருமகள் நிறுத்தினாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

அது போதுமாக இருந்தது. மாஸ்டர் மேஜையில் கையை ஊன்றி எழுந்தார். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

"போகட்டும் விடு, பசிச்சா வருவாரு," என்றான் கணவன்.

"அவர் விழுங்கல," என்றாள் மருமகள்.

"என்ன?"

சொன்னாள். ஜாடி, தண்ணீர், பாக்கெட், தான் எழுதிய வரி. மாமியார் சுவரோரம் நின்று புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். கணவன் ஃபிரிட்ஜிலிருந்து பாக்கெட்டைப் பிய்த்து வாசித்தான். இரண்டு தடவை வாசித்தான்.

"இதேதான் ஜிம்காரனுக்கும் போகுது," என்றான். "லேபிள் பூரா அடிச்சு வந்தாச்சே."

"உங்கப்பாவத் திருடன்னு சொல்லிச் சாவியப் புடுங்கியிருக்கோம். உங்களுக்கு லேபிளா இப்ப?"

"நான் என்ன பண்ணட்டும்? எனக்கு மட்டும் இனிக்குதா? ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் ஆர்டரு..."

"முதல்ல டாக்டருக்குப் போன் போடுங்க. அதுக்கு முன்னாடி கீழ போய் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை."

அவன் எழுந்தான். பழக்க தோஷத்தில் சாவிக்குக் கை நீட்டினான்.

மேஜையில் சாவி இல்லை.

அப்போதுதான் காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. கீழே டிரம் சுற்ற ஆரம்பித்திருந்தது.

மூன்று பேரும் இறங்கி ஓடினார்கள். வறுக்கும் அறை உள்பக்கம் தாழிட்டிருந்தது. கணவன் கதவைத் தட்டினான். டிரம் சத்தத்தில் அவன் தட்டியது அவனுக்கே கேட்கவில்லை. வெளிச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினான். டிரம் முனகி, தளர்ந்து, நின்றது.

அந்த அமைதியில் கேட்டது. ஓடு உடையும் சத்தம். அப்புறம் மெல்லும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி ஓடு.

"மெயினைப் போட்றா," என்றார் மாஸ்டர் உள்ளேயிருந்து. "பிஸ்தா அடிபுடிச்சிடும். நாலு மணிக்கு ஆளு வருதுல்ல?"

"அப்பா, கதவைத் திறங்க."

"பதம் பார்த்துட்டிருக்கேன். தொந்தரவு பண்ணாத."

"மாமா, துப்பறீங்களா?" மருமகளின் குரல் அவளுக்கே அசிங்கமாகக் கேட்டது. இன்னும் போலீஸ்காரிதான்.

"விழுங்கறேன் லேபிள். நல்லாக் கேட்டுக்கோ. திருடாமலேயே திருடன்னு பேர் வாங்கினா நஷ்டம் எனக்குத்தானே? அதான் கணக்கைச் சரி பண்ணிட்டிருக்கேன்."

ஓடு உடைந்தது.

அவள் கதவில் இரண்டு கையையும் வைத்தாள். "நீங்க எடுக்கல மாமா. தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு ஏறினது நட்ஸால இல்ல. காய் வடிச்ச தண்ணியால. அதுக்குக் காரணம் நான் எழுதின ஒரு வரி. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் தப்பு. கேக்குதா மாமா?"

மெல்லும் சத்தம் மட்டும் வந்தது.

மாமியார் முன்னால் வந்தாள். கதவின் இடுக்கில் வாயை வைத்து, மற்றவர்கள் இல்லாததுபோலப் பேசினாள். "என்னங்க. சூப்புதாங்க. நான் குடுத்த சூப்புதான். நல்லதுன்னு நினைச்சுத்தான் குடுத்தேன்."

மெல்லும் சத்தம் நின்றது.

வாயில் ஏதோ இருக்கிறது. அவர் விழுங்கவில்லை. விழுங்கியிருந்தால் பேசியிருப்பார், அவருக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. துப்பவும் இல்லை. தரையில் துப்புகிறவர் அல்ல அவர். இரும்பு மேஜையில் மக் வைக்கும் அந்தச் சத்தத்துக்காக மூன்று பேரும் கதவோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். டங் என்று ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும். மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று திரும்பியவள் கண்ணில் குழாயடி பட்டது. பளபளவென்று கழுவி, கவிழ்த்து, மக் வெளியே இருந்தது.